முக்கூடலுக்கு ஒரு சீட்டு

பாளையங்கோட்டைக்குக் குடிவந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, முக்கூடலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். கல்லூரியில் முக்கூடற்பள்ளு பாடமாக இருந்தது. ஆறுகள் கூடும் துறை, நெல் வயல், இரண்டு மனைவியரிடம் மாட்டிக்கொண்டு விழிக்கும் குடும்பன் எல்லாம் மனத்தில் தங்கியிருந்தன. நடத்துநரிடம் "முக்கூடல் ஒண்ணு" என்றேன். கொடுத்தார். இறங்கிய இடத்திலும் 'முக்கூடல்' என்றுதான் பலகை இருந்தது. பீடி சுற்றுவதற்குப் பேர்போன ஊர். ஆனால் நான் படித்த ஊர் அது இல்லை.

டீக்கடை அண்ணாச்சி சிரித்துவிட்டார். "பள்ளுல உள்ள முக்கூடலா? அது கெழக்கல்லா கெடக்கு. சிற்றாறு வந்து சேருத எடம், சீவலப்பேரி. நீங்க நேர் எதுக்க மேக்க வந்துட்டியளே சார்!"

ஒரே பெயரில் இரண்டு இடம் இருப்பது வேடிக்கையில்லை. என் கண்ணில் பட்டது வேறு. தகரக் கூரைக்குள், கையில் டீ ஆற்றும் குவளையோடு நின்றவர், 'கெழக்க' என்றபோது முகவாயை ஒரு பக்கம் ஆட்டினார். வெளியே வந்து கைபேசியின் திசைகாட்டியில் பார்த்தேன். அசல் கிழக்கு. அவர் வானத்தைப் பார்க்கவில்லை, ஒரு நொடி யோசிக்கவுமில்லை. எனக்கோ பேருந்தில் வந்த வழி முழுக்க, எந்தப் பக்கம் போகிறோம் என்ற நினைப்பே இல்லை. நான் சென்னையில் வளர்ந்தவன். கடற்கரை கிழக்கு என்பதற்கு மேல் எனக்குத் திசை தேவைப்பட்டதில்லை. லெஃப்ட், ரைட், ஸ்ட்ரெய்ட் போதும்.

இங்கே அது செல்லாது. வீட்டுக்கார ஆச்சி, "அந்தத் தெக்க உள்ள லைட்ட அணச்சிருங்க" என்பார். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர், "கொஞ்சம் வடக்க தள்ளி உக்காருங்க" என்பார். மெக்கானிக், "வண்டிய மேக்க பாத்து நிறுத்துங்க" என்பார். முதல் இரண்டு மாதம் இதை ஊர்ப் பேச்சின் அழகு என்று ரசித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது: இப்படிப் பேச வேண்டுமானால், பேசுகிறவர் தலைக்குள் ஒரு திசைமானி ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். விளக்கு எங்கே என்று சொல்ல வாய் திறக்கும்போது தெற்கைத் தேடினால் ஆகாது. அது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அந்தத் திசைச் சொற்களையே கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். மேற்கு என்பதில் 'மேல்' இருக்கிறது. கிழக்கு என்பதில் 'கீழ்' இருக்கிறது. மேடும் பள்ளமும்தான். மேற்கே 1,800 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் பொதிகை. கிழக்கே மன்னார் வளைகுடா. இடையில் சுமார் 128 கிலோமீட்டர் ஓடும் தாமிரபரணி அந்தச் சரிவைத் தண்ணீரால் எழுதிக் காட்டுகிறது. பாளையங்கோட்டைக்கு மேற்கே மேலப்பாளையம், கிழக்கே கீழநத்தம். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிக் கீழ ரத வீதி, மேல ரத வீதி. இங்கே குடிவந்த முதல் வாரம் 'கீழ' என்றால் ஏதோ தாழ்வான தெரு என்று நினைத்திருந்தேன். தாழ்வுதான், கடல் வரை நீளும் தாழ்வு.

இதைக் கண்டுபிடித்து எழுதியவர்களில் ஒருவர் இந்த மாவட்டத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்தான். ராபர்ட் கால்டுவெல் 1838-ல் சென்னையில் இறங்கினார். 1841-ல் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். சென்னையிலிருந்து நீலகிரி வழியாகச் சுற்றி, பெரும்பாலும் நடந்தே வந்தார். 1856-ல் வெளியான திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இந்த மேல்-கீழை வைத்து ஒரு அழகான துப்பறிதல் செய்கிறார். மலையாளத்திலும் கிழக்குக்குக் 'கிழக்கு' என்றே பெயர். ஆனால் கேரளத்தில் கிழக்கே இருப்பது பள்ளமில்லை, மலை! அங்கே கடல் மேற்கில். மேற்குக்கு அவர்கள் ஞாயிறு படுகிற திசை என்று பொருள்படும் 'படிஞ்ஞாறு' என்ற சொல்லை வைத்துக்கொண்டார்கள். கிழக்கை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டார்கள். அப்படியானால் அந்தச் சொல் மலைக்கு இந்தப் பக்கம், தரை கிழக்கே சரிகிற நாட்டில் பிறந்து, கணவாய் தாண்டிப் போயிருக்க வேண்டும் என்றார் கால்டுவெல். குடிபெயர்ந்தவர்கள் பழைய ஊரின் சரிவை வாயில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நடந்து வந்தவருக்குத்தான் இது கண்ணில் படும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சரி, அந்தத் திசைமானி தலைக்குள் எங்கே இருக்கிறது?

1948-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் எட்வர்ட் டோல்மன் என்ற உளவியலாளர், எலிகள் சந்துபொந்துகளை வெறும் இடம்-வலம் திருப்பங்களின் பட்டியலாக மனப்பாடம் செய்வதில்லை, மூளையில் ஒரு வரைபடம் தீட்டிக்கொள்கின்றன என்று வாதிட்டார். தீனியே வைக்காமல் புதிர்க்கூண்டில் சும்மா திரியவிட்ட எலிகள், பின்னால் தீனி வைத்ததும் சடாரென்று வழி கண்டுபிடித்தன. வேலைவெட்டி இல்லாமல் சுற்றியது வீணாகவில்லை என்பது குடிவந்தவர்களுக்கு நல்ல செய்தி. ஆனால் வரைபடத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லையே என்று பலர் நம்பவில்லை.

1971-ல் லண்டனில் ஜான் ஓகீஃபும் அவருடைய மாணவர் ஜொனாதன் டோஸ்ட்ரோவ்ஸ்கியும் எலியின் மூளையில் மெல்லிய கம்பிகளைச் செருகி, ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் நரம்பணுக்களின் துடிப்பைக் கேட்டார்கள். அந்தப் பெயருக்குக் கிரேக்கத்தில் கடல்குதிரை என்று பொருள். வடிவம் அப்படி வளைந்திருக்கும். (அசல் கடல்குதிரைகள் தாமிரபரணி போய்ச் சேரும் மன்னார் வளைகுடாவிலேயே இருக்கின்றன.) எலி அறையின் ஒரு மூலைக்குப் போனால் ஓர் அணு படபடவென்று துடித்தது, வேறு மூலைக்குப் போனால் அது அடங்கி, வேறோர் அணு துடித்தது. ஒவ்வொரு அணுவுக்கும் ஓர் இடம், கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' என்று கை தூக்குவதுபோல. புது அறையில் விட்டால் சில நிமிஷங்களிலேயே புதிதாக இடம் பிரித்துக்கொள்கின்றன. 1980-களில் இன்னொரு வகை அணுக்கள் தெரியவந்தன. எலி எங்கே நிற்கிறது என்பது இவற்றுக்குப் பொருட்டில்லை. தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது மட்டும்தான். ஒன்று தலை ஒரு பக்கம் பார்த்தால் துடிக்கும், இன்னொன்று மறுபக்கம் பார்த்தால் துடிக்கும். டீக்கடை அண்ணாச்சியின் முகவாய்க்குப் பின்னால் இவைதான் இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

2005-ல் வந்ததுதான் இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. நார்வேயின் ட்ரோண்ட்ஹெய்மில் மை-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் தம்பதியின் ஆய்வகம், ஹிப்போகேம்பஸுக்குப் பக்கத்துப் பகுதியில் ஒரு விசித்திரமான அணுவைக் கண்டது. அது ஓர் இடத்தில் மட்டும் துடிக்காது, பல இடங்களில் துடிக்கும். துடித்த இடங்களையெல்லாம் புள்ளி வைத்துப் பார்த்தால், சம இடைவெளியில் முக்கோணம் முக்கோணமாக, அறை முழுக்க ஒரு வலை. புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்த்தபோது எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. மார்கழியில் ஒருநாள் விடியற்காலை வாசலில் ஆச்சி கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நேர்ப்புள்ளி இல்லை, இடுக்குப்புள்ளி: ஒரு வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசையின் புள்ளி. ஈரத் தரையில் குனிந்தபடி, விரலிடுக்கில் மாவு கசிய, அளவுகோல் எதுவுமில்லாமல் புள்ளிகளை இறக்கிக்கொண்டே போனார். அதே வலை. எலியின் மூளை தரையை அளக்கப் போடும் கோலமும் இடுக்குப்புள்ளிதான். இடுக்குப்புள்ளி கச்சிதமானது, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே தூரத்தில் ஆறு அண்டைப் புள்ளிகள் அமையும். ஓகீஃபுக்கும் மோசர் தம்பதிக்கும் 2014-ல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இந்தக் கோலம் எதைக் கொண்டு வரையப்படுகிறது? கண்ணால் மட்டுமல்ல, இருட்டிலும் எலிக்கு அது மறைவதில்லை. எத்தனை அடி நடந்தேன், எங்கே எவ்வளவு திரும்பினேன் என்ற உடம்பின் கணக்கு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. துனீசியாவின் பாலைவனத்து எறும்புகளை வைத்து இதை அழகாகக் காட்டினார்கள். சுடுமணலில் இரை தேடி வளைந்து நெளிந்து போகும் எறும்பு, இரை கிடைத்ததும் வளைக்கு நேர்கோட்டில் திரும்பும். 2006-ல் ஆய்வாளர்கள் சில எறும்புகளுக்கு, இரை கிடைத்த இடத்தில் பிடித்து, பன்றி மயிரால் பொய்க்கால் ஒட்டிவிட்டார்கள். அந்த எறும்புகள் வளையைத் தாண்டி வெகுதூரம் போய் நின்று தேடின. காலைச் சற்றுக் கத்தரித்த எறும்புகள் வளைக்கு முன்பே நின்று தேடின. அடி எண்ணிக்கை சரிதான், அடியின் நீளம்தான் மாறிவிட்டது. பொய்க்கால் குதிரை ஆடுகிறவரைத் தெருவில் நடக்கவிட்டு வீட்டைத் தேடச் சொன்ன மாதிரி.

இன்னொன்றும் உண்டு. 1994-ல் மேத்யூ வில்சன், புரூஸ் மக்நாட்டன் இருவரும் எலி தூங்கும்போதும் காது கொடுத்தார்கள். பகலில் திரிந்தபோது சேர்ந்து துடித்த அணுக்கள் தூக்கத்திலும் சேர்ந்து துடித்தன. புது ஊரில் அலைந்து திரிந்து வந்து படுத்தால் தெருத்தெருவாகக் கனவு வருகிறதே, அதற்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் தூங்கி எழுந்த மறுநாள் வழி கொஞ்சம் தெளிந்திருப்பது உண்மை.

எலிக்கும் எறும்புக்கும் சரி. 'வடக்க தள்ளி உக்காருங்க' என்ற பேச்சு மனித மூளையை ஏதாவது செய்கிறதா? 1990-களில் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனம் உலகின் பல மொழிகளில் இதைச் சோதித்தது. தமிழுக்கு வந்தவர் எரிக் பெடர்சன். சோதனை எளிது. ஒரு மேசையில் பொம்மை விலங்குகளை வரிசையாக, எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி வைப்பார்கள். பார்த்துக்கொள்ளச் சொல்லி, ஆளை அப்படியே முதுகுப்புறம் திருப்பி, எதிர் மேசையில் அதேபோல் அடுக்கச் சொல்வார்கள். விலங்குகள் வலப்பக்கம் பார்த்ததாக நினைவு வைத்தவர் எதிர் மேசையிலும் வலப்பக்கம் பார்க்கவைப்பார். வடக்கே பார்த்ததாக நினைவு வைத்தவர் வடக்கே பார்க்கவைப்பார். அது இப்போது அவருடைய இடப்பக்கம்! பெடர்சன் பார்த்தவரை, கிராமத்துத் தமிழர் பேச்சில் வடக்கு தெற்கும், நகரத்துத் தமிழர் பேச்சில் இடம் வலமும் ஓங்கியிருந்தன. பொம்மைகளை அடுக்குவதும் பெரும்பாலும் பேச்சின் வழியே போனது. மொழி ஒன்றே, சாதாரணமாக உட்கார்ந்து பேசினால் வேறுபாடு தெரியாது. பொம்மை மாட்டை எந்தப் பக்கம் திருப்புகிறார்கள் என்பதில் தெரிந்தது.

அதே ஆய்வு வரிசையில் மெக்சிகோ மலைநாட்டில் செல்த்தால் மொழி பேசுகிறவர்களும் உண்டு. அவர்கள் தெற்கை 'மேட்டுப் பக்கம்' என்கிறார்கள், வடக்கைப் 'பள்ளப் பக்கம்' என்கிறார்கள். அங்கே தரை தெற்கிலிருந்து வடக்கே சரிகிறது. நம் மேக்கவுக்கும் கெழக்கவுக்கும் கடல் கடந்த ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

எல்லாரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பெக்கி லீ, லைலா கிளைட்மன் இருவரும் 2002-ல், இது மொழியின் வேலையே இல்லை, ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்து ஒரே மொழி பேசுகிறவர்களே இரண்டு விதமாகவும் அடுக்குவார்கள் என்று காட்டினார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. மேற்கே மலை தெரிகிற நாட்டில் மேற்கு என்று சொல்வது சுலபம். ஆனால் மலை தெரியாத கல்யாண மண்டபத்துக்குள்ளும் சொல்ல வேண்டியிருக்கிறதே, அந்தப் பயிற்சியைக் கொடுப்பது பேச்சுதான்.

பயிற்சியால் மூளையே மாறும் என்பதற்கு லண்டன் டாக்ஸி ஓட்டுநர்கள் சாட்சி. அங்கே உரிமம் வாங்க ஏறக்குறைய 25,000 தெருக்களை மனத்தில் ஏற்ற வேண்டும். மூன்று நான்கு வருஷம் ஆகும். 2000-ல் எலினார் மக்வயர் அவர்களுடைய மூளையைப் படமெடுத்தபோது ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. ஏற்கெனவே அப்படி இருந்தவர்கள்தான் அந்த வேலைக்கு வந்தார்களோ? 2011-ல் பயிற்சிக்கு முன்னும் பின்னும் படமெடுத்துப் பார்த்தார்கள். தேறியவர்களுக்கு மட்டும் வளர்ந்திருந்தது. இடையில் 2006-ல், அதே லண்டன் நெரிசலில் அதேபோல நாள் முழுக்க வண்டி ஓட்டும் பேருந்து ஓட்டுநர்களையும் பார்த்தார்கள். அவர்களிடம் அந்த வளர்ச்சி இல்லை. போட்ட தடத்திலேயே போகிறவர்களுக்கு வரைபடம் தேவைப்படுவதில்லை.

கைபேசி சொல்லும் வழியில் போகிறவர்களும் ஒருவகையில் போட்ட தடத்தில்தான் போகிறார்கள். 2017-ல் லண்டன் ஆய்வொன்றில் ஸோஹோ பகுதித் தெருக்களைத் திரையில் காட்டி வழி தேடச் சொன்னார்கள். தாமாக வழி தேடியபோது, ஒவ்வொரு புதுத் தெருவில் நுழையும்போதும் ஹிப்போகேம்பஸ் சுறுசுறுப்பானது. 'வலப்பக்கம் திரும்பு' என்று கருவி சொன்னபோது அது சும்மா இருந்தது. என் முதல் இரண்டு மாதங்களின் வரலாறு இவ்வளவுதான். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே நூறு முறை போனேன். ஊர் மனத்தில் ஏறவில்லை.

அதனால் சைக்கிள் வாங்கினேன். கைபேசியைப் பைக்குள் போட்டேன். அப்போதுதான் அடுத்த வம்பு தொடங்கியது.

ஆறு கிழக்கே ஓடும் என்பதை நான் முதல் விதியாக வைத்திருந்தேன். மலையில் பிறந்து கடலுக்குப் போகிற ஆறு வேறெங்கே ஓடும்? ஆனால் பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி டவுனுக்கு மேற்கே போகும்போது, 1843-ல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தில் நின்று பார்த்தால், தண்ணீர் இடக்கைப் பக்கமிருந்து வலக்கைப் பக்கம் போகிறது. தெற்கிலிருந்து வடக்கே! ஊருக்கு நடுவே தாமிரபரணி வடக்கே திரும்பி, பிறகு வடகிழக்காக நடக்கிறது. ஆற்றைக் கிழக்கு என்று நம்பி நான் போட்ட கணக்கெல்லாம் கால் வட்டம் பிசகியிருந்தது. வண்ணார்பேட்டையில் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். "ஆத்தப் பாத்து தெச சொல்லக் கூடாது சார். அது இஷ்டத்துக்குத் திரும்பும். மலையப் பாத்துச் சொல்லணும்" என்றார். உள்ளூர் விதி, பிழையில்லாத விதி.

ஆறு எங்கே மனம் மாறுகிறது என்று பார்க்கத்தான் கடைசியில் சீவலப்பேரிக்குப் போனேன். பாளையங்கோட்டையிலிருந்து வடகிழக்கே பதினைந்து கிலோமீட்டர் போல இருக்கும். வெளியூர்க்காரர்களுக்கு சுடலைமாட சாமியாலும் ஒரு சினிமாவாலும் தெரிந்த ஊர். ஸ்ரீவல்லபன் என்ற பாண்டியன் பெயரில் அமைந்த பேரேரிதான் சீவலப்பேரி ஆயிற்று என்பார்கள். இங்கே, குற்றால மலையிலிருந்து வரும் சிற்றாறு தாமிரபரணியில் கலக்கிறது. வடகிழக்கே போய்க்கொண்டிருந்த தாமிரபரணி இங்கேதான் வளைந்து தென்கிழக்காக மருதூர் அணைக்கட்டையும் ஸ்ரீவைகுண்டத்தையும் பார்த்து இறங்குகிறது. கோவில்பட்டிக்குக் குடிநீர் போவதும் இங்கிருந்துதான். பள்ளில் மூத்தவள் ஆசூர் வடகரை நாட்டுக்காரி, இளையவள் சீவலமங்கைத் தென்கரை நாட்டுக்காரி. சக்களத்தி சண்டையைக்கூட ஆற்றின் வடக்கு தெற்காகப் பிரித்துவைத்த ஊர் இது. படித்தபோது இரண்டு பெயர்களாக இருந்தவை, கரையில் நின்றபோது இரண்டு பக்கங்களாயின.

நான் போனது சித்திரை பிறக்க இரண்டு நாள் இருக்கையில். காரணம் இருந்தது. திருநெல்வேலி வட அட்சம் 8.7 டிகிரியில் இருக்கிறது. ஆண்டில் இரண்டு நாள், ஏப்ரல் 12-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 30-ஐ ஒட்டியும், நடுப்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். நம் கடிகாரம் இங்கிருந்து கிழக்கே உள்ள தீர்க்கரேகையின்படி ஓடுவதால், நடுப்பகல் இங்கே பன்னிரண்டு இருபதுக்கு. மற்ற மாதங்களில் நடுப்பகல் நிழல் வடக்கே விழும். இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட நாலரை மாதம் தெற்கே விழும். நான் குடிவந்தது ஆனியில். மதிய நிழல் விழும் பக்கம் வடக்கு என்று பள்ளிப் புத்தகத்தை நம்பி, அந்த மாதம் முழுக்கத் தெற்கை வடக்கென்று வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறேன்.

கரையில் மணலில் ஒரு கம்பை நட்டேன். துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, "என்ன சார் தேடுதிய?" என்றார். நிழலை என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துணியை அடிக்கத் தொடங்கினார். பன்னிரண்டேகாலுக்கு நிழல் விரற்கடை அளவு. இருபதுக்குக் கம்பின் அடியில் ஒரு கறுப்பு வளையம், அவ்வளவுதான். சைக்கிளின் நிழல் சைக்கிளுக்குள்ளேயே மடங்கிக் கிடந்தது. சூரியனும் திசை சொல்லவில்லை, ஆறும் வளைந்துகொண்டிருந்தது. அந்த அம்மா பிழிந்த சேலையை உதறிக்கொண்டே, "வெயிலு மண்டையப் பொளக்குது. தெக்க ஒரு வேம்பு நிக்கி பாருங்க, அதுக்கடியில போயி நில்லுங்க" என்றார்.

தெற்கே திரும்பினேன். யோசிக்காமல் திரும்பியிருக்கிறேன் என்பது வேம்பின் அடிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

நீங்களும் போக நினைத்தால், ஆகஸ்ட் கடைசியில் போங்கள். ஏப்ரலைவிட வெயில் கொஞ்சம் பொறுக்கும். பேருந்தில் போவதானால் பாளையங்கோட்டையில் ஏறி, சீவலப்பேரி என்று கேட்டுச் சீட்டு வாங்குங்கள். முக்கூடல் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.